பாண் விலை வழக்கின் மக்கள் தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். கனடாவில் பொதி செய்த பாணின் விலையைக் கம்பனிகள் கூடிப் பேசி ஏற்றின என்ற வழக்கை ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பொதுமக்கள் சார்பில் நடத்தி வருகிறீர்கள். லோப்லாஸ் கடைக் கம்பனியும் அதன் தாய்க் கம்பனியான ஜோர்ஜ் வெஸ்டனும் 2024 ஜூலையில் 500 மில்லியன் டொலருக்கு இணங்கியதற்கு உங்கள் பல வருட உழைப்புத்தான் காரணம். முதலில் அதற்கு நன்றி. பாண் வாங்கிய ஒரு ஆள் தனியாக இந்தக் கம்பனிகளோடு மோதியிருக்க முடியாது. ஒரு பாணுக்குச் சில சதம் நட்டம் என்று யாரும் வக்கீல் பிடிக்கப் போவதில்லை. கூட்டு வழக்கு என்ற ஏற்பாடே அதற்காகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. கிளெயிம் போடும் காலம், அதாவது பங்கு கேட்டு விண்ணப்பிக்கும் காலம், 2025 செப்டெம்பர் 11இல் தொடங்கி டிசம்பர் 12இல் முடிந்தது. அந்த மூன்று மாதத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த இளம் பிள்ளைகள் பலர் கைத்தொலைபேசியில் சில நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிட்டார்கள். அவர்களுடைய பாட்டிமார், தாத்தாமார், பெரியம்மாமார்? விலை ஏற்றிய அந்த வருடங்கள் முழுக்கக் கடைக்குப் போய்ப் பாண் தூக்கி வந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரிந்த சிலரும் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2015 மார்ச்சில் லோப்லாஸும் வெஸ்டனும் தாங்களாகவே, கம்பனிகளின் விலைச் சதிகளை விசாரிக்கும் அரசாங்கத்தின் போட்டிப் பணியகத்திடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். முதலில் வந்து சொல்பவருக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும், அது அவர்களுக்குக் கிடைத்தது. 2017 ஒக்டோபர் கடைசியில் பணியகம் பல கம்பனிகளின் அலுவலகங்களைச் சோதனையிட்டது. அந்த வருடம் டிசம்பர் 19ஆம் திகதி லோப்லாஸும் வெஸ்டனும் பகிரங்கமாக ஒத்துக்கொண்டார்கள்: 2001இன் கடைசியிலிருந்து 2015 மார்ச் வரை பாண் விலையைக் கூடிப் பேசி ஏற்றும் ஏற்பாட்டில் தாங்கள் இருந்தோம் என்று.

அடுத்த மாதம் நீதிமன்றம் திறந்துவிட்ட பணியகத்தின் ஆவணங்களில் ஒரு விபரம் இருந்தது. பாண் செய்யும் கம்பனி 7 சதம் ஏற்றும், கடை 10 சதம் ஏற்றும், இதுதான் வழக்கமான கணக்கு என்று பணியகம் சொன்னது. அந்தக் காலம் முழுவதிலும் பாணின் விலை ஆகக் குறைந்தது ஒன்றரை டொலர் கூடியது என்றும் அதில் இருந்தது. இவை பணியகத்தின் குற்றச்சாட்டுகள். பெயர் சொல்லப்பட்ட மற்றக் கடைகள் மறுக்கின்றன. லோப்லாஸும் வெஸ்டனும் பணம் கட்டி ஒதுங்கியதோடு மற்றவர்கள் மீதான வழக்கு முடிந்துவிடவில்லை. ஆனால் பாண் செய்யும் கனடா பிரெட் கம்பனி 2023 ஜூனில் நாலு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 50 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. விலைக் கூட்டுச்சதிக்குக் கனடிய நீதிமன்றம் ஒன்று விதித்த மிகப் பெரிய தண்டம் அது என்று பணியகம் அப்போது சொன்னது.

அந்த 50 மில்லியன் அரசாங்கத்தின் பொது வருமானத்துக்குப் போகிறது. குற்றத்துக்குத் தண்டனை என்ற வகையில் அது சரி. அமெரிக்காவில் டின் மீன் விலையைக் கூடிப் பேசி ஏற்றியதற்காக ஸ்டார்கிஸ்ட் கம்பனிக்கு 100 மில்லியன் டொலர் தண்டம் விழுந்தது. இன்னொரு டின் மீன் கம்பனியான பம்பிள் பீயின் தலைமை அதிகாரியாக இருந்தவருக்கு 2020இல் 40 மாதச் சிறையும் கிடைத்தது. ஆனால் தண்டமும் சிறையும் எதுவானாலும் அதில் ஒரு சதமும் மீன் டின் வாங்கியவரின் பணப்பைக்குத் திரும்பாது. வாங்கியவருக்குத் திரும்ப ஒரே வழி நீங்கள் நடத்துவதைப் போன்ற வழக்கும் அதன் முடிவில் வரும் கிளெயிம் படிவமும்தான். அதனால்தான் இந்தப் படிவத்தை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை.

எங்கள் சமூகத்தில் பாண் எப்படிப்பட்ட சாப்பாடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போர்க்காலத்தில் இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ரொறன்ரோவில் ஒரே அப்பார்ட்மென்ட்டில் இரண்டு மூன்று குடும்பமாக இருந்தன. விடிய ஃபக்டரிக்குப் போகிறவருக்கும் பாண், இரவு வேலை முடிந்து வருகிறவருக்கும் பாண், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கும் பாண். பருப்பும் சம்பலும் வைத்தால் ஒரு நேரம் முடிந்தது. சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகும், இன்னொரு பங்கு யாரையாவது கூப்பிடச் சேர்த்த கடனுக்குப் போகும், மிச்சத்தில் வயிறு நிரப்பிய பொருள் அது. விலை ஏறினால் அதைக் குறைக்க முடியாது. இறைச்சியைக் குறைக்கலாம், பழத்தைக் குறைக்கலாம், பாணைக் குறைக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு நாலு பாண் வாங்கிய வீடு. ஒரு பாணுக்கு அந்த 10 சதம், ஒரே ஒரு தடவை ஏற்றிய 10 சதம் மட்டும் அநியாயமாகக் கூடியது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 20 டொலர் 80 சதம். பதின்மூன்று வருடத்துக்கு 270 டொலர். ஒரு தடவைக்கு மேல் ஏற்றியிருந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். 2018இல் லோப்லாஸ் இதற்குப் பரிகாரமாகக் கொடுத்த பரிசு அட்டையின் பெறுமதி 25 டொலர். அதையும் அவர்களுடைய கடையிலேயேதான் செலவழிக்கலாம். அந்த அட்டைகளுக்கென்று 96 மில்லியன் டொலர் இந்த 500 மில்லியனுக்குள் கழிக்கப்பட்டது. மிச்சம் 404 மில்லியன்தான் காசு. அட்டை வாங்கியவர்களுக்குப் புதிய பங்கில் அந்த 25 டொலரைக் கழிப்பது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அட்டையும் யாருக்குக் கிடைத்தது? 2018இலும் அதே மாதிரி இணையத்தில் பதிந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைத்தது. அப்போது தவறவிட்டவர்களே இப்போதும் தவறவிட்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஒப்பந்தத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் தொகை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குறையப் பேர் கேட்டால் கேட்டவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது, அறிவிப்பு எட்டாத பெரியவரின் பங்கு அறிவிப்பு எட்டியவருக்குப் போகிறது. இப்படித்தான் பிரிக்கவேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் முடிவு அப்படித்தான் வருகிறது. வீட்டுக்கு ஆக அதிகம் பாண் வாங்கியவர்களே ஆகக் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள் என்றால், நட்ட ஈட்டின் கணக்கே தலைகீழாகிவிடுகிறது.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019இல் கூட்டு வழக்குகளின் கிளெயிம்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. நீங்கள் படித்திருப்பீர்கள். நுகர்வோருக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்பிய வழக்குகளையே அது பார்த்தது. அவற்றிலும்கூட, வழக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் வருவதில் கிளெயிம் போட்டவர்கள் 9 வீதம்தான். பெரிய வழக்குகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்குப் பார்த்தால் 4 வீதம். படிவத்தையும் சேர்த்துத் தபாலில் அனுப்பியபோது 10 வீதம் பேர் கேட்டார்கள், தபால் அட்டை அனுப்பியபோது 6 வீதம், மின்னஞ்சல் மட்டும் அனுப்பியபோது 3 வீதம். கையில் கடதாசி வந்தால் மனிதர்கள் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பாண் வாங்கியவர்களின் முகவரிப் பட்டியல் எந்தக் கடையிலும் முழுதாக இருக்காது, எல்லோருக்கும் தபால் போட முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. பட்டியல் இல்லை என்றால் ஆட்கள் கூடும் இடத்துக்குப் போகவேண்டும்.

எங்களுடைய ஆட்கள் கூடும் இடங்கள் ஒளிவு மறைவானவை இல்லை. தமிழ் வானொலிகள் இருக்கின்றன, பெரியவர்கள் சமையலறையில் காலை முழுக்க அவற்றைப் போட்டு வைத்திருப்பார்கள். கடைகளில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் தமிழ் வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன. கோயில்கள், தேவாலயங்கள், மூத்தோர் சங்கங்கள், மூத்தோர் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகள். 2021இல் கொரோனாத் தடுப்பூசி பற்றி ரொறன்ரோ மாநகரம் தமிழில் துண்டுப்பிரசுரம் போட்டது, தமிழ் பேசும் தொண்டர்கள் கட்டிடம் கட்டிடமாகப் போனார்கள், பெரியவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். சொல்லவேண்டிய மொழியில் சொன்னால் எங்கள் பெரியவர்கள் வருவார்கள் என்பதை நகரமே கண்டது. தமிழர் மட்டும் என்று சொல்ல வரவில்லை. ரொறன்ரோவில் பஞ்சாபி, கன்ரனீஸ், போர்த்துக்கீசம், தகலாக், சோமாலி பேசும் வீடுகளிலும் இதே கதைதான் இருக்கும். ஆங்கிலம் மட்டும் பேசும் முதியவர்களிலும் கணினி தெரியாதவர்கள் ஏராளம்.

இன்னொன்று, பயம். எங்கள் பெரியவர்களுக்கு நாங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்: காசு வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே, பெயர் முகவரி கொடுக்காதே, வங்கி விபரம் கொடுக்கவே கொடுக்காதே. வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம் என்று வரும் ஏமாற்று அழைப்புகளில் பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு, நீங்கள் வாங்கிய பாணுக்குக் காசு தருகிறோம், ரசீது தேவையில்லை, இணையத்தில் விபரம் போடுங்கள் என்று ஒரு செய்தி போனால் அவர் என்ன நினைப்பார்? 2018 அட்டைத் திட்டத்தில் சிலரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற அடையாள ஆவணம் கேட்கப்பட்டு, அது மத்திய தனியுரிமை ஆணையர் வரை போனது. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது தெரிந்த குரல் ஒன்றுதான். வானொலியில் வழக்கமாகப் பேசும் அறிவிப்பாளர், மூத்தோர் சங்கத்தின் செயலாளர், கோயிலில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தம்பி. இவர்கள் சொன்னால் நம்புவார்கள்.

ரசீது கேட்காமல் விட்டது மிக நல்ல முடிவு. தயவுசெய்து அதை மாற்றாதீர்கள். 2004இல் வாங்கிய பாணின் ரசீது யாரிடம் இருக்கும்? ரசீது இல்லாததால் பொய்க் கிளெயிம்கள் வரும், அவற்றைப் பிடிக்க வடிகட்டும் முறை வைத்திருப்பீர்கள் என்பதும் தெரியும். அங்கே ஒரு விடயத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தமிழ் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. மகனுக்குப் பின்னால் வருவது தகப்பனின் பெயர், மனைவிக்குப் பின்னால் வருவது கணவனின் பெயர். ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு கடைசிப் பெயர், மகனுக்கு இன்னொன்று, பேரனுக்கு இன்னொன்று. அதுவும் கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறொன்று, சுகாதார அட்டையில் பெயர் முன்பின்னாக மாறியிருக்கும். மேல்வீட்டில் ஒரு குடும்பம், பேஸ்மென்ட்டில் ஒரு குடும்பம், இரண்டுக்கும் ஒரே கதவிலக்கம். கணினி இதைப் பார்த்தால் ஒரே முகவரியிலிருந்து நாலைந்து வேறு வேறு பெயரில் கிளெயிம் என்று சந்தேகப்படக்கூடும். உண்மையில் அது ஸ்காபரோவில் ஒரு சாதாரண வீடு. கிளெயிம்களை நிராகரிக்க முன் இதைத் தெரிந்த ஒருவர் பார்க்கவேண்டும். தள்ளுபடியானவருக்கு ஏன் என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி, திரும்பக் கேட்க வாய்ப்பும் கொடுக்கவேண்டும்.

மொழிபெயர்ப்புக்கும் விளம்பரத்துக்கும் செலவு ஆகும், அது மக்களுக்கான நிதியிலிருந்துதானே போகும் என்று நீங்கள் சொல்லலாம். போகட்டும். ஒருவருக்குக் கிடைக்கும் தொகை அதனால் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். நானும் கிளெயிம் போட்டவன், என் பங்கு குறைவதற்குச் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். வேறு ஒருவருடைய பங்கு தெரியாமல் என்னிடம் வந்து சேருவதைவிட அது மேல்.

இருபத்தைந்து முப்பது டொலருக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களும் உண்டு. முதியோர் ஓய்வூதியத்தில் வாடகை போக மிஞ்சுவதை வைத்துச் சாப்பிடுகிற ஒருவருக்கு அந்தக் காசில் ஒரு வாரத்துப் பாணும் பாலும் முட்டையும் வரும். அதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது. நீங்கள் எல்லோருக்காகவும் பேசுகிறீர்கள் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காத ஒவ்வொருவரும் உங்கள் கட்சிக்காரர், அவருக்கே தெரியாமல். 2001 ஜனவரிக்கும் 2021 டிசம்பருக்கும் இடையில் கியூபெக்குக்கு வெளியே கனடாவில் இருந்து பாண் வாங்கிய எல்லோரும் ஒன்ராறியோ வழக்குக்குள் வருகிறார்கள். ஒப்பந்தம் அங்கீகரிக்கப்பட்டபோது அவர்கள் எல்லோருடைய உரிமையும் லோப்லாஸ், வெஸ்டன் தொடர்பில் தீர்ந்துபோனது. கிளெயிம் போட்ட என்னுடைய உரிமையும் தீர்ந்தது, ஒன்றும் தெரியாமல் இருந்த பெரியவருடைய உரிமையும் தீர்ந்தது. எனக்கு அதற்கு விலையாக ஒரு தொகை உண்டு. அவருக்கு எதுவும் இல்லை. அவரிடமிருந்து உரிமையை எடுக்கும்போது தேடிப் போகத் தேவையில்லை, காசைக் கொடுக்கும்போது மட்டும் அவர்தான் தேடி வரவேண்டும் என்பது எப்படிச் சரியாகும்?

அதனால் மூன்று காரியம் கேட்கிறேன். மற்றக் கம்பனிகளோடு இனி ஒரு ஒப்பந்தம் வந்தாலும் சரி, தீர்ப்பு வந்தாலும் சரி, அறிவிப்புத் திட்டத்தை நீதிபதியிடம் கொடுக்க முன்னரே அதில் ஆங்கிலம், பிரெஞ்சு தவிர்ந்த மொழிகளையும் வானொலியையும் சேருங்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் தமிழில் பதில் சொல்லும் ஒருவர் இருக்கட்டும். கடதாசிப் படிவத்தை, கேட்டு எழுதினால் அனுப்புகிறோம் என்று வைக்காமல், மூத்தோர் குடியிருப்புகளுக்கும் நூலகங்களுக்கும் கட்டுக் கட்டாக அனுப்புங்கள். காலமும் மூன்று மாதம் போதாது, ஆறு மாதமாவது வேண்டும். வாய்வழியாகப் பரவும் செய்திக்கு நேரம் எடுக்கும்.

இரண்டாவது, கணக்கு. ஒன்ராறியோவின் கூட்டு வழக்குச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபோது, பணம் பிரித்து முடிந்ததும் எத்தனை பேருக்கு அறிவிப்புப் போனது, எத்தனை பேர் கேட்டார்கள், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தது. உங்கள் வழக்கு 2017இல் தொடங்கியதால் அந்த விதி உங்களைக் கட்டாது. கட்டாவிட்டாலும் அதே அறிக்கையை நீங்களாகவே வெளியிடுங்கள். தபால் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தின்படியும் பிரித்துக் காட்டுங்கள். தனி ஆள் விபரம் எதுவும் வெளியே வராது, ஆனால் ஸ்காபரோவின் எம்1பி-யில் எத்தனை பேர், நகரத்தின் வசதியான பகுதிகளில் எத்தனை பேர் என்று பார்த்தாலே எங்கே அறிவிப்பு எட்டவில்லை என்பது தெரிந்துவிடும். என் பேச்சு பிழை என்றால் அந்தக் கணக்கே அதைச் சொல்லட்டும்.

மூன்றாவது, மிச்சம் என்று ஏதாவது வந்தால். திரும்பிய காசோலைகள், உரியவர் எடுக்காத கொடுப்பனவுகள் என்று எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அது கம்பனிகளுக்குத் திரும்பிப் போகக் கூடாது. சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கொடுப்பதைவிட உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றத்திடம் கேளுங்கள். பாணுக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு சாப்பாட்டு மேசைக்கே திரும்பட்டும்.

தமிழில் அறிவிப்பு எழுதவும், எழுதியதைச் சரிபார்க்கவும், படிவம் நிரப்ப உதவவும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மூத்தோர் சங்கங்களின் வாரச் சந்திப்புகளில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவது அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பேசினால் தமிழில் மாற்றிச் சொல்ல நானே தயார். அடுத்த அறிவிப்புத் திட்டத்தின் வரைவு தயாரானதும் எங்கள் சங்கங்களுக்கு அனுப்பி, கருத்துச் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, கிளெயிம் போட்ட ஒருவன்